கரைமேல் போகிற சாலைகள்: திருச்சியைத் தண்ணீர் ஓரமாக ஒரு சுற்று

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் போன ஆடி மாதம் கேட்டார். "திருச்சிக்கு வரேன், சைக்கிளையும் ரயில்ல ஏத்திக்கிட்டு வரேன். மலைக்கோட்டை, கோயில் எல்லாம் முன்னாடியே பாத்தாச்சு. தண்ணி ஓரமாப் போற மாதிரி ரெண்டு நாளைக்கு ஒரு ரூட் எழுதிக் குடு."

எழுத உட்கார்ந்தேன். காவிரித் தென்கரையில் முக்கொம்பு வரை ஒன்று. அங்கிருந்து தீவுக்குள் நுழைந்து மேலூர் வழியாக ஸ்ரீரங்கம். அடுத்து திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. திரும்பி வர வேங்கூர், பனையக்குறிச்சி, சர்க்கார்பாளையம். கடைசியாக ஊருக்குள்ளேயே உய்யக்கொண்டான் வாய்க்கால். ஐந்து வரியில் வேலை முடிந்துவிட்டது.

முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஐந்தில் ஒன்றுகூட அழகு பார்ப்பதற்காகப் போட்ட சாலை கிடையாது. இதில் பெரும்பகுதி கரை. ஆற்றையும் வாய்க்காலையும் கட்டுக்குள் வைக்க எடுத்த மண்மேடு. அதன்மேல் முதலில் காவல்காரன் நடந்தான், பிறகு மாட்டுவண்டி போனது, அப்புறம்தான் ஜல்லியும் தாரும். நாம் "சூப்பர் வியூ" என்று போட்டோ எடுக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ராத்திரி கண்விழித்து நின்ற இடம்.

நண்பருக்கு அந்த ஐந்து வரியை அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மலைமேல் ஒரு கேள்வி

திருச்சியில் "வியூ" பற்றிய மிகப் பழைய எழுத்து மலைக்கோட்டையில் இருக்கிறது. உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க மூச்சு வாங்க ஏறுகிறவர்களில் பலர் வழியில் உள்ள பல்லவர் குடைவரையைக் கவனிப்பதில்லை. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டியது. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டில் ஒரு சுவாரசியமான கற்பனை வருகிறது. சிவன் அரசனிடம் கேட்கிறார்: தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர்களின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் அரசன் மலையிலேயே இடம் அமைத்துக் கொடுத்தானாம்.

இன்னொரு இடத்தில் பார்வதி வருகிறாள். ஆறு என்றால் சிவனுக்குக் கொஞ்சம் மயக்கம் உண்டே, ஏற்கெனவே தலையில் கங்கை வேறு. காவிரியைப் பார்த்துவிட்டு அவளிடமும் மனசு போய்விடப் போகிறது என்று, அப்பா வீடான இமயத்தை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாளாம். அதோடு நிற்காமல், இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்றும் சொல்லி வைக்கிறாளாம். வேடிக்கைக்குள் அரசியலும் இருக்கிறது, பாருங்க. சோழர் பூமியின் நடுவில் நின்றுகொண்டு காவிரி எங்களுடையது என்று பல்லவன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்.

மலைமேலிருந்து பார்த்தால் காட்சி அருமைதான். இரண்டு ஆறு, நடுவில் தென்னந்தோப்பு, அதற்குள்ளிருந்து எழும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். ஆனால் அங்கிருந்து ஒரு விஷயம் தெரியாது. இரண்டு ஆற்றில் எது மேடு, எது பள்ளம்? அது தெரிய வேண்டும் என்றால் கீழே இறங்கிக் கரைக்கு வர வேண்டும். நடந்தால் நாள் போதாது, காரில் போனால் கண்ணில் படாது. சைக்கிள்தான் சரி.

முக்கொம்பு வரை: எதிர்க்காற்று

ஆடியில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திருச்சியில் அந்தக் காற்று மேற்கிலிருந்து வரும். கரூர் சாலையில் மேற்கு நோக்கி மிதிக்கும்போது யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதனால் விடியற்காலை, காற்று எழும்புவதற்கு முன்னாடியே கிளம்பி முக்கொம்பு போய்விட வேண்டும். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

சிந்தாமணியிலிருந்து கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் குடமுருட்டிப் பாலம். (தஞ்சாவூர்ப் பக்கம் ஓடும் குடமுருட்டி வேறு, இது வேறு.) தெற்கேயிருந்து வரும் கோரையாறு புத்தூர்ப் பக்கம் உய்யக்கொண்டானைச் சந்தித்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு குடமுருட்டியாகக் காவிரியில் சேருகிறது. வருடத்தில் பத்து மாதம் இதை ஆறு என்று யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் 1977 நவம்பர் புயலிலும் 2005 மழையிலும் ஊருக்குள் தண்ணீர் புகுந்ததில் இந்தச் சின்ன ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்சிக்காரர்கள் காவிரிக்குப் பயப்படுவதைவிடக் கோரையாற்றுக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார்.

அடுத்து கம்பரசம்பேட்டை. நகரத்தின் குடிநீர் இங்கே ஆற்று மணலுக்கு அடியிலிருந்து எடுக்கப்படுகிறது. மணலுக்குள் கிணறு இறக்கியிருப்பார்கள், ஆற்றின் நடுவே உருளையாகத் தெரியும். ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சிக் காவிரிதான் ஊற்று. ஆற்றில் தண்ணீர் ஓடாத மாசி பங்குனியிலும் குழாயில் தண்ணீர் வருகிறது என்றால், மணல் அதை உள்ளே வைத்திருக்கிறது என்று அர்த்தம். மணல் போனால் அந்தச் சேமிப்பும் போய்விடும்.

முத்தரசநல்லூர், ஜீயபுரம் தாண்டினால் வாழைத்தோப்பு, துணைக்கு ஈரோடு போகும் ரயில்பாதை. பிறகு முக்கொம்பு. ஒன்றாக வரும் காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. பூங்கா, பஜ்ஜிக்கடை, காதலர்கள் எல்லாம் தாண்டி அணைப்பக்கம் போய் நின்றால் இந்த ஊர் வரலாற்றின் மையக் கேள்வி கண்ணெதிரே இருக்கும்: வருகிற தண்ணீரில் யாருக்கு எவ்வளவு?

இயற்கையிடம் விட்டால் கொள்ளிடம்தான் ஜெயிக்கும். அது நேராகவும் சரிவாகவும் கடலுக்குப் போகிற ஆறு. வெள்ளம் வரும்போதெல்லாம் தன் படுகையை அரித்து ஆழமாக்கிக்கொள்ளும். காவிரியோ டெல்டாவுக்குள் பல கிளையாகப் பிரிந்து மெல்லப் போகிறது. மெல்லப் போகிற தண்ணீர் வண்டலைக் கீழே விடும், படுகை மேடேறும். மேடேறினால் வரத்து குறையும், குறைந்தால் இன்னும் மெதுவாகப் போகும், இன்னும் மேடேறும். கடன் வட்டி மாதிரிதான்.

1799இல் தஞ்சாவூரும் 1801இல் திருச்சியும் கம்பெனி கைக்கு வந்தபோது நிலைமை அப்படித்தான் இருந்தது. கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டே போனது, டெல்டா வயல்கள் காய்ந்தன. நிலவரி குறைந்ததும் அரசாங்கத்துக்குக் கவலை வந்தது. 1804இல் கேப்டன் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் ஆற்றை ஆராய்ந்தார், கல்லணையின் மேல் கல் வைத்து உயர்த்தினார். போதவில்லை. பிறகு ஆர்தர் காட்டன் வந்தார். நோயின் வேர் கல்லணையில் இல்லை, ஆறு பிரிகிற இடத்தில் இருக்கிறது என்று சொல்லி, 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அதே காலத்தில் கீழே கொள்ளிடத்தில் அணைக்கரையிலும் ஒன்று கட்டினார்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. கொள்ளிடத்தின் வாயை அடைத்ததும் காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய ஆரம்பித்தது, இந்தப் பக்கம் அரிப்பு. சில ஆண்டுகளில் காவிரி வாயிலும் தளம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியதாகிவிட்டது. தராசில் ஒரு தட்டை அழுத்தினால் அடுத்தது எழும்பத்தானே செய்யும்.

தீவுக்குள்: இரண்டு தண்ணீருக்கு நடுவே

முக்கொம்பில் காவிரிக் கதவணைமேல் ஏறித் தீவுக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து கிழக்கே மேலூர் வழியாக ஸ்ரீரங்கம் வரை அமைதியான பயணம். காற்றும் இப்போது முதுகுப் பக்கம். மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, 2015இல் திறந்தது. குழந்தைகளோடு வருகிறவர்கள் இதுவரை வந்து திரும்பினாலே போதும்.

தீவின் அகலம் அதிகமில்லை. ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையான அம்மாமண்டபத்திலிருந்து கொள்ளிடக் கரைக்கு, கோயிலைச் சுற்றிக்கொண்டு போனால்கூட, சைக்கிளில் கால் மணி நேரம்தான். ஆனால் இரண்டு கரையும் இரண்டு உலகம். அம்மாமண்டபத்தில் எப்போதும் கூட்டம், தர்ப்பணம், பூ, தேங்காய். ஆடி மாதத்தில் நம்பெருமாளே இங்கே வந்து காவிரிக்குச் சீர் கொடுப்பார். கொள்ளிடக் கரையில் பெரும்பாலான நாள் மணலும் நாணலும்தான். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அதைக் கொள்ளிடம் என்று சொல்வதைவிட வடதிருக்காவேரி என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். பேரிலாவது இரண்டு ஆற்றுக்கும் சமநீதி.

இரண்டு தண்ணீருக்கு நடுவே இருப்பது பாதுகாப்பு என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு. 1752இல் திருச்சிக் கோட்டை முற்றுகை தோற்றபோது, பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா தன் படையோடும் சந்தா சாகிபோடும் இந்தத் தீவுக்குள் பின்வாங்கினார். ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு சுற்று மதில், திருவானைக்காவல் மதில், இரண்டு பக்கமும் ஆறு. இதைவிட நல்ல அரண் எங்கே கிடைக்கும்? ஆனால் ராபர்ட் கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், தெற்கே லாரன்ஸ் நின்றார். உணவும் ஆளும் வரும் வழி அடைபட்டது. ஜூன் மாதம் லா சரணடைந்தார், சந்தா சாகிப் கொல்லப்பட்டார். எதிர்க்கரைகள் அடுத்தவன் கையில் இருந்தால் தீவு அரண் இல்லை, பொறி.

உத்தமர்சீலி: கண்ணால் பார்க்கிற பாடம்

திருவானைக்காவலிலிருந்து கல்லணைச் சாலை கிழக்கே போகிறது. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வயலும் தோப்பும், அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கொள்ளிடம். போகப் போகத் தீவு ஒடுங்கிக்கொண்டே வரும்.

உத்தமர்சீலி அருகே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. சாதாரண நாளில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது போலத்தான். காவிரியில் வெள்ளம் வந்தால் இந்த இடத்தில் தண்ணீர் சாலையின் மேலே ஏறிக் கொள்ளிடத்துக்கு ஓடிவிடும், போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே போகும்? முக்கொம்பில் ஏறக்குறைய சமமாகப் பிரிந்த இரண்டு ஆறு, இங்கே வரும்போது ஒன்று மேலே, மற்றது பல அடி கீழே. மலைக்கோட்டையிலிருந்து தெரியாத அந்த விஷயம் இதுதான். இவ்வளவு தூரம் மிதித்து வந்ததற்கு இந்த ஒரு பள்ளத்தைப் பார்ப்பது போதும் என்பேன்.

இப்போது ஒரு கணம் யோசித்துப் பாருங்க. இந்த ஒடுங்கிய மண்துண்டு ஒரு வெள்ளத்தில் முழுசாக அறுந்துவிட்டால் என்ன ஆகும்? காவிரி முழுக்கக் கொள்ளிடத்தில் விழும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் எல்லாவற்றுக்கும் போகிற தண்ணீர் பயனில்லாமல் கடலுக்குப் போகும். டெல்டா என்கிற ஒன்றே இந்த மண்ணை நம்பித்தான் இருக்கிறது. கல்லணை எதற்கு என்று அப்போது புரியும். தண்ணீரைத் தேக்கி வைக்க அல்ல, காவிரியைக் கொள்ளிடத்தில் விழவிடாமல் தடுக்க.

பழைய கல்லணை சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். நேர்கோடாக இருக்காது, வளைந்து நெளிந்து போகும். ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே மேலே போட்டு, களிமண்ணால் பூசிக் கட்டியது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கோதாவரியில் அவர் கட்டிய பெரிய அணைக்கும் இந்தப் பாடம் போனது.

கரிகாலன் கட்டினான் என்பது ஊரறிந்த செய்தி, சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. ஆனால் பழைய சாசனங்களைப் பார்த்தால் ஒன்று கவனிக்க வேண்டியிருக்கிறது. 7, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தெலுங்குச் சோழ மன்னன் புண்ணியகுமாரனின் மாலேபாடு செப்பேடும், 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் கரிகாலனின் காவிரி வேலையைச் சொல்கின்றன. இரண்டும் பேசுவது கரையைப் பற்றி. காவிரி வழிந்தோடாமல் கரையைக் கட்டுப்படுத்தியவன், கரை எடுத்தவன் என்றுதான் அவனுக்குப் புகழ். அணை என்று சொல்லவில்லை.

இதை வைத்துக் கல்லணை அவன் கட்டியது இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அக்காலத்தவர் கண்ணுக்கு எது பெரிய சாதனையாகப் பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். அணை ஒரு இடத்தில் இருக்கும், ஒருமுறை கட்டினால் நிற்கும், பக்கத்தில் சிலை வைக்கலாம். கரை மைல் கணக்கில் ஓடும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அறுக்கும், ஒவ்வொரு வருடமும் மண் போட வேண்டும். அந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள்தான் ஒரு அரசனைக் கரை எடுத்தவன் என்று புகழ முடியும்.

கரையை வெட்டியவர்கள்

கரையின் மதிப்பு எதிரிக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. லா சரணடைந்ததோடு சண்டை ஓயவில்லை. 1754இல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறுபக்கம். தஞ்சாவூர் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தது. தஞ்சாவூரைப் பணிய வைக்கக் கோட்டையைத் தாக்க வேண்டியதில்லை என்று பிரெஞ்சுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அந்த மே மாதம் கல்லணைக்குப் பக்கத்தில் கோவிலடி அருகே, காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரிக்கிற பெரிய கரையை ஆள்விட்டு வெட்டினார்கள். தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் என்பதைக் கவனியுங்க. ஆடியில் ஆறு நிரம்பும்போது எல்லாம் கொள்ளிடத்தில் போய் விழட்டும், தஞ்சாவூர் வயல் காயட்டும் என்பதுதான் கணக்கு.

இதை எழுதி வைத்தவர் கம்பெனி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். அந்த ஆண்டு முடிவதற்குள் தஞ்சை அரசு கூலியாட்களை அனுப்பிக் கரையைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தது. அவர்களுக்குக் காவலாக ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்று போய் நின்றது. மண் சுமக்கிறவர்களுக்குத் துப்பாக்கிக் காவல்! எந்தக் கோட்டைச் சுவருக்கும் குறையாத மதிப்பு அந்த மண்ணுக்கு.

கல்லணையில் வறுத்த மீன் சாப்பிடப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? எனக்கே ரொம்ப நாள் தெரியாது. மண்சாலை மாதிரி ஒன்று, அதில் சைக்கிளை நிறுத்தி டீ குடித்திருக்கிறேன்.

உய்யக்கொண்டான்: ஊருக்குள் ஓடுகிற கரை

கல்லணையிலிருந்து தென்கரையில் வேங்கூர், பனையக்குறிச்சி, சர்க்கார்பாளையம் வழியாகத் திரும்பினால் ஊருக்குள் வந்துவிடலாம். மாலை என்றால் மறுபடி எதிர்க்காற்று, அவசரப்படாதீங்க. அடுத்த நாள் காலையில் உய்யக்கொண்டான்.

இந்த வாய்க்காலுக்கு ஆயிரம் வயது. முதலாம் ராஜராஜன் காலத்து வேலை என்பது மரபு, உய்யக்கொண்டான் என்பது அவன் விருதுப் பெயர்களில் ஒன்று. முக்கொம்புக்கு மேற்கே பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிறது. ஊர்ப் பெயரிலேயே வாய்த்தலை இருக்கிறது பாருங்க, வாய்க்கால் தலைப்பு என்று அர்த்தம். முக்கொம்புக்கு எதிர்க்கரையில் உள்ள வாத்தலையும் அதே சொல் தேய்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து தேவாரப் பாடல் பெற்ற கற்குடி, அதாவது உய்யக்கொண்டான் திருமலைக் குன்றின் பக்கமாக வந்து, புத்தூர், நீதிமன்ற வளாகம், பாலக்கரை, வரகனேரி, அரியமங்கலம் என்று நகரத்தைக் குறுக்கே கடந்து, கடைசியில் வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. சுமார் 70 கிலோமீட்டர். சுமார் 32,000 ஏக்கர் பாசனம். காவிரியைவிடச் சற்று மேட்டிலேயே நகர்த்திக்கொண்டு போய், ஆற்றுத் தண்ணீர் தானாக ஏறாத நிலத்துக்குப் பாய்ச்சுகிற கணக்கு இது. நகரத்தின் நடுவே அது அப்படி வளைந்து வளைந்து போவதற்குக் காரணம் அந்த மட்டம்தான். மட்டம் பார்த்துப் போன வாய்க்காலுக்குப் பக்கத்தில் பின்னாடி தெரு வந்தது. அதனால்தான் திருச்சியில் சில தெருக்கள் எந்தக் காரணமும் இல்லாமல் வளைகிற மாதிரித் தோன்றும்.

மேற்கே, ஊருக்கு வெளியே, உய்யக்கொண்டான் கரையில் சைக்கிள் ஓட்டுவது ஒரு சுகம். ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், மறுபக்கம் வாழை, படித்துறையில் துணி துவைக்கிறவர்கள். புத்தூர் தாண்டி நகரத்துக்குள் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாக்கடை, பிளாஸ்டிக், இறைச்சிக் கழிவு, ஆகாயத்தாமரை. ஒரு பகுதியில் கரையோரம் நடைபாதை போட்டிருக்கிறார்கள், காலையில் நிறையப் பேர் நடக்கிறார்கள். அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருப்பதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். ஊருக்கு வெளியே வீடுகளின் வாசல் வாய்க்காலைப் பார்த்து இருக்கிறது. ஊருக்குள் பெரும்பாலும் கொல்லைப்புறம்தான் வாய்க்காலைப் பார்க்கிறது. கரைமேல் போக வழியும் பல இடத்தில் இல்லை. யாரும் போகாத, யாரும் பார்க்காத தண்ணீருக்கு என்ன ஆகுமோ அது ஆகிவிட்டது. அதே வாய்க்கால் அரியமங்கலம் தாண்டி இன்னும் வயலுக்குத்தான் போகிறது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

லஸ்கரின் சைக்கிள்

சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும் கிராமத்தில் ஒரு லஸ்கர் இருந்தார். பொதுப்பணித்துறையில் வாய்க்காலையும் கரையையும் பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியருக்கு அந்தப் பெயர். காக்கி அரைக்கால் சட்டை, கேரியரில் மண்வெட்டி, மதகுச் சாவி. தினமும் காலையும் மாலையும் கரைமேல் சைக்கிளில் போவார். எங்களுக்கு அவர் வேலை என்னவென்றே புரியாது. சும்மா சைக்கிளில் சுற்றுகிறார், சம்பளம் வாங்குகிறார் என்று கேலி பேசியிருக்கிறோம்.

அவர் பார்த்தது எல்லாம் சின்ன விஷயம். எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எங்கே கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிகிறது, எங்கே எலி தோண்டியிருக்கிறது, எந்த மரம் சாய்கிறது. கரை ஒரே நாளில் உடைவதில்லை. ஒரு வளையில் தொடங்கி, ஒரு கசிவாகி, பிறகுதான் உடைப்பு. வெள்ளக் காலத்தில் ஊரே அவரோடு சேர்ந்துகொள்ளும். அரிக்கேன் விளக்கு, சாக்கில் மணல், வைக்கோல், சவுக்குக் கட்டை. ராத்திரி முழுக்கக் கரைமேல் ஆள் நிற்கும். அப்படி நிற்பதற்குத்தான் கரைமேல் வழி வைத்தார்கள். இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிற பாதை அவர்கள் வைத்துவிட்டுப் போன வழி.

2018 ஆகஸ்டில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கன அடிக்குமேல் தண்ணீர் வந்தது. ஸ்ரீரங்கத்தையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த, 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. நல்லவேளையாக அதில் போக்குவரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது தாங்கிய அணை, வடிகிற நேரத்தில் போனது. அணைக்கு 180 வயது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். கொள்ளிடத்தில் மணலை அள்ளி அள்ளிப் படுகையைப் பள்ளமாக்கியதே காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டப்பட்டது.

எது காரணமாக இருந்தாலும், அந்த வாரம் திருச்சியில் எல்லோரும் ஒரு பழைய பாடத்தைத் திரும்பப் படித்தோம். கொள்ளிடம் இன்னமும் காவிரியை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கால்டுவெல், காட்டன், கரிகாலன் யாரும் அந்த இழுப்பை நிறுத்தவில்லை, தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிற வேலைக்கு முடிவு கிடையாது.

இன்று கண்காணிப்புக்குக் கேமராவும் ஜீப்பும் உண்டு, தேவைதான். ஆனால் ஜீப்பிலிருந்து நண்டு வளை தெரியாது. சைக்கிளில் போகிறவருக்குத் தெரியும். கசிவு தெரியும், சாக்கடை எந்த இடத்தில் புதிதாகச் சேர்கிறது என்று மூக்குக்குத் தெரியும், மணல் லாரித் தடம் எங்கே இறங்குகிறது என்று சக்கரத்துக்கே தெரியும். அதனால்தான் கரைச்சாலையில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் காட்சிக்காகத்தான் வருகிறார்கள், வரட்டும். காட்சிக்காக வருகிறவர் நாலு தடவை வந்தால் ஐந்தாவது தடவை "போன மாசம் இங்க இப்படி இல்லையே" என்பார். கரைக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

நண்பர் வந்தார், இரண்டு நாளும் ஓட்டினார். போகும்போது எது பிடித்தது என்று கேட்டேன். கல்லணை சொல்வார், ஸ்ரீரங்கம் சொல்வார் என்று நினைத்தேன். "உத்தமர்சீலிப் பள்ளத்துல இறங்கினேன்ல, அப்ப வலப்பக்கம் திரும்பிப் பாத்தேன். தண்ணி என் தலைக்கு மேல நிக்குதோன்னு ஒரு பயம் வந்துச்சு" என்றார்.

சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நீங்களும் வந்தால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் சைக்கிளை நிறுத்துங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு, ஜனவரிக்குள் வருவது நல்லது. காலை 5.30க்குக் கிளம்பிடுங்க, காற்று எழும்புவதற்குள் முக்கொம்பு போய்விடலாம்.